தியானத்தில் மனம் ஓடுவது தோல்வியா? புதிதாக உட்காருவோருக்கு ஒரு விளக்கம்

2024 டிசம்பர் 6 அன்று ஐ.நா. பொதுச் சபை டிசம்பர் 21-ஐ உலக தியான தினமாக அறிவித்தது. தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றும் உண்டு. ஜூன் 21 யோகா தினம். அதிலிருந்து சரியாக ஆறு மாதம் தள்ளி இது வருகிறது. இதையொட்டித் தியானம் பற்றிய செய்திகளும் பெருகிவிட்டன. ஒரு செய்தி தியானம் மாத்திரைக்கு ஈடு என்கிறது. இன்னொன்று தியானத்தால் மனக்கலக்கம் வரும் என்று எச்சரிக்கிறது. நடுவில் ‘ஏழே நாளில் எண்ணமற்ற நிலை’ என்று ஒரு விளம்பரம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் கண்ணை மூடி உட்காருகிறார். மூன்றாவது நிமிடம் கரண்ட் பில் ஞாபகம் வருகிறது. அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரோடு போட்ட சண்டை. ‘நமக்கெல்லாம் தியானம் வராது’ என்று எழுந்துவிடுகிறார். தியானத்தை விட்டவர்களில் பலர் விட்ட இடம் இதுதான். அவர்கள் தோல்வி என்று எண்ணிய அந்த நொடியில்தான் பயிற்சியே தொடங்குகிறது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே சொல், பல பயிற்சிகள்

குழப்பத்தில் பாதி சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘தியானம்’ என்று சொல்லும்போது குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறோம்.

1. குவிப்பு: மனத்தை ஒரே பொருளில் நிறுத்துவது. அந்தப் பொருள் மூச்சாகவோ, மந்திரமாகவோ, விளக்குச் சுடராகவோ, புருவ மத்தியாகவோ இருக்கலாம்.

2. கவனிப்பு: எந்தப் பொருளையும் பிடித்துக்கொள்ளாமல் உடலில், மனத்தில் எது எழுந்தாலும் அதை எழுவதாகவும் மறைவதாகவும் பார்த்திருப்பது. விபாசனா இந்த வகை.

3. மைத்திரி: தனக்கும் வேண்டியவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும் நலம் நினைப்பது. பாலி மொழியில் மெத்தா.

4. கற்பனைவழித் தளர்வு: ‘நீங்கள் கடற்கரையில் நடக்கிறீர்கள்’ என்று ஒரு குரல் சொல்ல, அதைப் பின்தொடர்வது. செல்பேசிச் செயலிகளில் அதிகம் கிடைப்பது இதுதான். உடலைத் தளர்த்த நல்லது. ஆனால் குரல் நின்றால் பயிற்சியும் நின்றுவிடும் என்பதால் மற்ற மூன்றோடு இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

பிராணாயாமம் இந்தப் பட்டியலில் இல்லை. பிராணாயாமத்தில் மூச்சை மாற்றுகிறோம்: நீட்டுகிறோம், நிறுத்துகிறோம், ஒரு நாசியில் விடுகிறோம். மூச்சுத் தியானத்தில் மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்கிறோம். இந்த இரண்டையும் கலப்பதால் வரும் தொல்லைகளைப் பின்னால் பார்ப்போம்.

யோக மரபு இந்தப் படிகளை மிகத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரமும் திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரமும் எட்டு உறுப்புகளைச் சொல்கின்றன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. மனத்தை ஓரிடத்தில் கட்டுவது ஆறாவதான தாரணை. அப்படிக் கட்டிய நினைவு அறுபடாமல் ஓடுவது ஏழாவதான தியானம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் இதற்குச் சொன்ன உவமை எண்ணெய் ஒழுக்கு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். எண்ணெய் இழையாக இறங்கும். அந்த இழைதான் தியானம்.

இந்தக் கணக்குப்படி முதல் நாள் உட்காருபவர் செய்வது தியானமே அல்ல, தாரணை. அதிலும் சொட்டுச் சொட்டான தாரணை. ஏழாம் படியில் கிடைக்க வேண்டியது மூன்றாம் நிமிடத்தில் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. வழக்கில் எல்லாவற்றையும் தியானம் என்றே சொல்லிவிட்டதால் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

மனம் ஓடும்போது உள்ளே நடப்பது

2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் செல்பேசி வழியே நாளின் வெவ்வேறு நேரங்களில் சில கேள்விகளைக் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், செய்வதை விட்டு வேறு எதையாவது நினைக்கிறீர்களா? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி. கண்ணை மூடியதும் இது கூடுவதில்லை. இருந்தது தெரியவருகிறது, அவ்வளவுதான். ஓடும் மின்விசிறியின் சத்தம் தொலைக்காட்சியை அணைத்த பிறகு கேட்பதைப் போல.

மனம் ஓடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை 2012-இல் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் குழுவினர் பார்த்தார்கள். பழகிய தியானிகள் 14 பேர் ஸ்கேன் கருவிக்குள் படுத்து மூச்சைக் கவனித்தார்கள். மனம் ஓடிவிட்டதை உணர்ந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய நொடிக்கு முன்னும் பின்னும் இருந்த பதிவுகளை அடுக்கிப் பார்த்ததில் நான்கு கட்டங்கள் தெரிந்தன.

1. அலைதல்: தன்னைப் பற்றி, நேற்றைப் பற்றி, நாளையைப் பற்றி நினைக்கும்போது வேலைசெய்யும் பகுதிகள் உயிர்பெறுகின்றன. இவற்றைச் சேர்த்து ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்பார்கள். வேறு வேலை கொடுக்காதபோது மூளை தானாகத் திரும்பும் நிலை.

2. உணர்தல்: ‘அடடா, எங்கோ போய்விட்டேன்’ என்று தெரியும் நொடி. எது முக்கியம் என்று மணியடிக்கும் வேறொரு வலைப்பின்னல் இங்கே வேலைசெய்கிறது.

3. திருப்புதல்: கவனத்தை எடுத்து மூச்சில் வைக்கும் செயல். இதற்கு முன்நெற்றிப் பகுதியும் மேல்பக்கவாட்டுப் பகுதியும் சேர்கின்றன.

4. நிற்றல்: மூச்சில் நிலைத்திருக்கும் சில நொடிகள். பிறகு மறுபடி ஒன்று.

இந்தச் சுற்றில் இரண்டாம் கட்டத்தை யாரும் வேண்டுமென்று வரவழைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மனத்துக்கு ஓடுகிறோம் என்பது தெரியாதே! அது தானாக நிகழ வேண்டும். திரும்பத் திரும்ப உட்காருவதால் சீக்கிரம் நிகழத் தொடங்கும். மூன்றாம் கட்டம் நம் கையில் இருக்கிறது. ஆகவே ஐந்து நிமிடத்தில் பதினைந்து தடவை மனம் ஓடியது என்றால் பதினைந்து தடவை உணர்ந்து திரும்பியிருக்கிறோம் என்று பொருள். ஐந்து நிமிடமும் ‘எதுவும் ஓடவேயில்லை’ என்று எழுபவர்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கனவுக்குள் இருந்திருப்பார்.

பழைய பௌத்த உரைகளில் இதற்குக் கன்றின் உவமை வரும். துள்ளும் கன்றைத் தூணில் கட்டுகிறார்கள். அது இழுக்கும், சுற்றும், கத்தும். கயிறு அறுபடாதவரை கடைசியில் அந்தத் தூணின் அடியிலேயே படுத்துக்கொள்ளும். கன்றை அடித்துப் படுக்கவைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உட்காரும் விதம்

பத்மாசனம் தேவையில்லை. தேவையானது ஒன்றுதான்: முதுகு யாரும் தாங்காமல் தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு இடுப்பு எலும்பு சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

வெறுந்தரையில் சப்பணமிட்டால் பெரும்பாலானோருக்கு இடுப்பு பின்னால் சாய்கிறது. கீழ்முதுகு வளைகிறது. வளைந்த முதுகைத் தசைகள் இழுத்துப் பிடிக்க, பத்து நிமிடத்தில் தோள்பட்டைக்கு நடுவே எரிச்சல். இதற்கு மருந்து மூன்று நான்கு அங்குல உயரம். போர்வையையோ ஜமக்காளத்தையோ கெட்டியாக மடித்து, அதன் முன்விளிம்பில் புட்டத்தை மட்டும் வைத்து, கால்களைத் தரையில் மடிக்க வேண்டும். இரண்டு முழங்காலும் தரையைத் தொட்டால் உயரம் சரி. முழங்கால்கள் அந்தரத்தில் நின்றால் இன்னொரு மடிப்பு சேர்க்கலாம். அல்லது முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்கலாம். பஞ்சுத் தலையணை வேண்டாம். உட்கார்ந்ததும் அமுங்கிப் போகும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், வயதானவர்கள், தரையில் உட்கார்ந்து பழகாதவர்கள் நாற்காலியைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. கையில்லாத மர நாற்காலி நல்லது. முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய, முதுகு சாயாமல் இருக்க வேண்டும். கால் எட்டாவிட்டால் பலகை. சோபா உதவாது. கட்டில் இன்னும் மோசம். மெத்தையைத் தொட்டதும் உடம்புக்குத் தூக்கம்தான் ஞாபகம் வரும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைகள் தொடை மேல் எப்படி வேண்டுமானாலும், சின்முத்திரை கட்டாயமில்லை. முகவாய் லேசாக உள்ளே. நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால். இடுப்பில் இறுக்கும் பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். கண் மூடலாம், தூக்கம் வருபவர்கள் பாதி திறந்து மூன்று நான்கு அடி தள்ளித் தரையைப் பார்க்கலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் நல்லது.

மூச்சைப் பார்க்கும் முறை

தொடங்குவோருக்கு மூச்சையே சொல்லக் காரணம், அது எப்போதும் கூட இருக்கிறது, காசில்லாதது, எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. தானாக ஓடும் உடல் வேலைகளில் நாமும் கைவைக்கக்கூடியது மூச்சு. அதைத் தொடாமல் பார்க்கப் பழகுவதே ஒரு பாடம்.

1. செல்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு டைமர் வைத்து, ஏர்பிளேன் நிலைக்கு மாற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். டைமர் இல்லாவிட்டால் ‘எவ்வளவு நேரம் ஆச்சோ’ என்பதே தியானப் பொருளாகிவிடும்.

2. முதல் அரை நிமிடம் உடம்பைச் சுற்றிப் பார்க்கவும். நெற்றி, தாடை, தோள், வயிறு. இறுக்கிப் பிடித்திருந்தால் விடவும்.

3. மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறது என்று தேடவும். நாசி விளிம்பில் குளிர்ச்சியாகவா, மார்பிலா, வயிறு ஏறி இறங்குவதிலா? ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு அன்று முழுக்க அங்கேயே இருக்கவும். சளி, சைனஸ் தொல்லை உள்ளவர்கள் வயிற்றைத் தேர்வது வசதி.

4. ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் மனத்துக்குள் எண்ணவும்: ஒன்று, இரண்டு... பத்து வரை. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துக்கொண்டால் பத்து வரை எண்ண நாற்பது நொடி ஆகும்; ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுச் சுற்று. முதல் வாரத்தில் ஒரு சுற்றாவது தப்பாமல் முடித்தால் அதுவே பெரிது.

5. எண்ணிக்கை விட்டுப்போனாலும், பதினேழு பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தாலும், மனம் ஓடிவிட்டது என்று பொருள். ‘நினைப்பு’ என்று ஒரு சொல் மட்டும் உள்ளே சொல்லி, ஒன்றிலிருந்து தொடங்கவும். எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். ஏன் ஓடியது என்று விசாரிக்கவும் வேண்டாம். விசாரணை இன்னொரு ஓட்டம்.

6. மணி அடித்ததும் துள்ளி எழ வேண்டாம். இரண்டு மூன்று மூச்சு, கை கால் விரல்களை அசைத்துப் பிறகு எழவும்.

இவ்வளவுதான் முறை. இதைவிடச் சிக்கலாகச் சொல்லிக்கொடுத்தால் பணம் வாங்கும் இடம் என்று சந்தேகப்படலாம்.

மந்திரத்தில் பழக்கமுள்ளவர்கள் எண்ணுக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாம். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சியில் புருவ மத்தியில் தொடங்கும் ஆக்கினைத் தவத்தை ஆசிரியரின் தீட்சையோடு கற்றுக்கொடுக்கிறார்கள். அதைப் புத்தகம் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம். அங்கே நெற்றியில் பாரம் கூடினால் கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். ஏற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இறக்கத்தை விடுபவர்களுக்குத்தான் தலைபாரத் தொல்லை.

எங்கே தப்பாகிறது, ஏன்

1. மூச்சு முட்டுவது போல் இருக்கிறது. மிகவும் பொதுவான புகார். பார்க்கத் தொடங்கியதும் நம்மை அறியாமலே மூச்சை ஓட்டத் தொடங்கிவிடுகிறோம். தானியங்கியாக இருந்த வேலை கைக்கு வந்துவிட்டது; கைக்கு அது பழக்கமில்லை. வெளிமூச்சை முழுதாகப் போகவிட்டு, அடுத்தது தானாக வரும்வரை காத்திருந்தால் பிடி தளரும். தளராவிட்டால் மூச்சை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் ஓசைகளையோ உள்ளங்கையின் வெதுவெதுப்பையோ கவனிக்கலாம். மூச்சு ஒத்துவராதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஓசையே நிரந்தரப் பொருளாக இருக்கட்டும்.

2. தலைசுற்றல், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் கூச்சம். இதைச் ‘சக்தி எழுகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆழமாக வேகமாக மூச்சு இழுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஏற்படும் நிலைக்கும் இதே அறிகுறிகள்தான். பிராணாயாமத்தையும் தியானத்தையும் கலப்பவர்களுக்கு இது அதிகம். சாதாரண மூச்சுக்குத் திரும்பினால் சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

3. கால் மரத்துப்போகிறது. இரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் தொடையிலும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். காலை நீட்டினால் சரியாகும். ஆனால் மரத்த காலோடு உடனே எழுந்து நடந்தால் பாதம் மடங்கி விழ வாய்ப்புண்டு. உணர்வு வரும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். முழங்காலின் உட்பக்கத்தில் குத்தும் வலி வேறு விஷயம். இடுப்பு மூட்டு திரும்பாததை முழங்கால் ஈடுகட்டுகிறது என்று பொருள். அதைப் பொறுத்துக்கொள்வது வைராக்கியமாகாது. உடனே நிலையை மாற்ற வேண்டும்.

4. தூக்கம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் தூங்குபவர் கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்வார். உடம்பு தன் கடனைக் கேட்கிறது. முகம் கழுவுவது, கண் பாதி திறப்பது, நின்றுகொண்டே செய்வது எல்லாம் உதவும். தினமும் தூங்கிவிழுந்தால் தியானத்தைச் சுருக்கி இரவுத் தூக்கத்தை அரை மணி கூட்டுவதே சரியான வழி.

5. அரிப்பு. உடனே சொறியாமல் பத்து மூச்சு பார்க்கலாம். கூடும், குறையும், பல சமயம் போய்விடும். போகாவிட்டால் சொறிந்துகொள்ளலாம். கொசுவானால் பத்து மூச்சுச் சோதனை தேவையில்லை. முதலிலேயே வலை கட்டிக்கொண்டு உட்காருவது உத்தமம்.

6. நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை. இதுதான் நீண்ட காலத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. ஒருநாள் கிடைத்த அமைதியை மறுநாள் தேடி உட்காருகிறார்கள். தேடும் மனம் தேடிக்கொண்டேதான் இருக்கும். தூக்கம், சாப்பாடு, அலுவலகம், மாதவிலக்கு, வெயில் எல்லாமே அன்றைய உட்காருதலை மாற்றும். அதை மதிப்பெண் போட்டுப் பார்க்காமல், உட்கார்ந்தோமா இல்லையா என்று மட்டும் காலண்டரில் குறித்தால் போதும்.

முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து. அடுத்த இரண்டு வாரம் பத்துப் பத்து. ஐந்து, ஆறாம் வாரங்களில் காலைப் பயிற்சியைப் பதினைந்தாக்கலாம். ஏழு, எட்டில் இருபது. மாலையில் பத்து போதும். பல் துலக்கியதற்கும் காபிக்கும் நடுவே என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டால் மறக்காது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான நேரமே போதும்.

முன்னேற்றத்தை உட்கார்ந்த இடத்தில் தேடினால் கிடைக்காது. பிள்ளையைக் கத்தப் போகும் வாய் ஒரு நொடி நின்றதா? சாலையில் ஒருவன் குறுக்கே புகுந்த கோபம் வீடு வரும்வரை கூடவே வராமல் பாதியில் இறங்கிக்கொண்டதா? மனம் ஓடியதை உணர முன்பு மூன்று நிமிடம் ஆனது. இப்போது அரை நிமிடத்தில் தெரிகிறதா? இவைதான் அளவுகோல். கண்ணுக்குள் ஒளி தெரிவது, உடம்பு மிதப்பது போன்றவை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. இரண்டுக்கும் அதிக மதிப்பில்லை.

பலன்: ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

மருத்துவ ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்டது எம்.பி.எஸ்.ஆர். என்ற, மன அழுத்தத்தைக் குறைப்பதற்கான எட்டு வாரத் தியானப் பாடத்திட்டம். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் தினமும் 45 நிமிடம். நடுவில் ஒரு முழுநாள் அமர்வு. ‘தியானம் பலன் தருகிறது’ என்ற செய்திகளில் பல இந்த அளவைப் பற்றியவை. தினமும் ஐந்து நிமிடம் செயலியைத் திறப்பவருக்கு அதே பலன் என்று அவை சொல்லவில்லை. செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

2014-இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளையும் 3,515 பேரையும் கணக்கில் எடுத்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறியது முதல் நடுத்தரமான அளவுக்குக் குறைவு இருந்தது. கவனம், தூக்கம், உடல் எடை, உணவுப் பழக்கம் ஆகியவற்றில் பலன் இருப்பதாகச் சொல்லச் சான்று போதவில்லை. மருந்து, உடற்பயிற்சி, பிற உளவியல் சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்றில்லை.

‘மாத்திரைக்கு ஈடு’ என்ற செய்தி 2022 நவம்பரில் வெளியான ஆய்விலிருந்து வந்தது. பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எம்.பி.எஸ்.ஆர்., மறுபாதிக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை. எட்டு வார முடிவில் இரு தரப்பிலும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. செய்தி சரிதான். ஆனால் அங்கே தியானம் என்பது பயிற்சி பெற்ற ஆசிரியர், வார வகுப்பு, தினமும் முக்கால் மணி நேரம் எல்லாம் சேர்ந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அதை நிறுத்திவிட்டுத் தியானத்துக்கு மாறலாம் என்று இதற்குப் பொருளில்லை.

மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, அது அடங்கியிருக்கும் காலத்தில் அடுத்த தாக்குதலைத் தடுக்க எம்.பி.சி.டி. என்ற தியானம் கலந்த உளவியல் சிகிச்சை உண்டு. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுக் குறிப்புகளே அதைப் பரிந்துரைக்கின்றன. என் கணிப்பில் தியானத்துக்கு இருக்கும் மிக உறுதியான மருத்துவ இடம் இதுதான்.

எதிர்த் திசையில் இரண்டு முடிவுகளும் தெரிந்திருக்க வேண்டியவை. 2011-இல் 16 பேரை வைத்து நடந்த ஆய்வு, எட்டு வாரத்தில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி சில இடங்களில் அடர்கிறது என்றது. இன்றும் எல்லாப் பேச்சுகளிலும் அதுதான் மேற்கோள். 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 200-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே ஆண்டு, பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த சோதனையில், வகுப்பறையில் தியானம் கற்ற பிள்ளைகளின் மனநலம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. வகுப்பில் பாடமாகக் கற்ற தியானத்தைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் செய்யவும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் பிரார்த்தனைக் கூட்டத்தில் ‘கண்ணை மூடு’ என்று அதட்டுவதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை.

எல்லோருக்கும் பொருந்துமா?

2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 83 ஆய்வுகளை அலசி, தியானம் செய்தவர்களில் சுமார் 8.3 சதவீதத்தினருக்கு வேண்டாத விளைவு ஏதேனும் இருந்ததாகக் கணித்தது. அதிகம் காணப்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும். உளவியல் சிகிச்சைகளிலும் இதே அளவில்தான் வேண்டாத விளைவுகள் பதிவாகின்றன. ஆகவே அலற வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நாள் முழுவதும் வேலையிலும் செல்பேசியிலும் மூடிவைத்திருந்த துக்கம், பயம், அதிர்ச்சி ஆகியவை மூடியை எடுத்ததும் மேலே வருகின்றன. கொஞ்சம் கண்ணீர் வந்து அடங்கினால் கவலையில்லை. கீழே உள்ள நிலைகளில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது:

1. குரல் கேட்பது, பிறர் சதி செய்வதாக நம்புவது போன்ற மனச்சிதைவு அறிகுறிகள் எப்போதாவது இருந்திருந்தால்.

2. இருதுருவ மனநோய், குறிப்பாகத் தூக்கமில்லாமல் துடிப்பாக இருக்கும் கட்டத்தில்.

3. விபத்து, வன்முறை, போர் தந்த அதிர்ச்சி இன்னும் கனவிலும் நினைவிலும் திரும்ப வந்துகொண்டிருந்தால். கண் மூடி உள்ளே பார்ப்பது இவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. கண் திறந்து நடந்துகொண்டே பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது ஏற்றதாக இருக்கலாம். அதையும் துணையோடு செய்ய வேண்டும்.

4. தற்கொலை எண்ணம் உள்ள கடும் மனச்சோர்வில். அப்போது தேவை மருத்துவ உதவி. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.

பயிற்சியின்போது தூக்கம் நாள்கணக்கில் கெட்டாலோ, தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற உணர்வு எழுந்த பிறகும் தொடர்ந்தாலோ நிறுத்திவிட வேண்டும். ‘இது சுத்திகரிப்பு, தாண்டிப் போ’ என்று சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் ஆகிய எதற்கான மருந்தையும் தியானத்தை நம்பித் தானாகக் குறைக்கக் கூடாது.

பத்து நாள் முகாமுக்கு எப்போது போவது?

‘முதலில் விபாசனா முகாம் போய்விட்டு வந்து பிறகு தொடங்கலாம்’ என்று பலர் காத்திருக்கிறார்கள். மாண்டலேயில் 1924-இல் பிறந்த எஸ்.என். கோயங்கா, பர்மாவில் ஊ பா கினிடம் கற்று, 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வழி இது. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தலைமை மையம். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் ஒன்று உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணமில்லை; முகாமை முடித்தவர்கள் தரும் கொடையில் நடக்கிறது. அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். பேச்சு, செல்பேசி, புத்தகம், எழுத்து எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் பார்க்கும் ஆனாபானம். நான்காம் நாள் விபாசனா.

நீந்தவே தெரியாதவர் நேராகக் காவிரியில் குதிப்பதைப் போன்றது இது. பலர் கரையேறிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனாலும் தினமும் இருபது நிமிடம் வீதம் இரண்டு மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனால், முழங்காலும் முதுகும் பழகியிருக்கும்; மூன்றாம் நாள் வலியில் ஓடிவிடலாமா என்று தோன்றும்போது அது எத்தனையாவது ‘நினைப்பு’ என்று பார்க்கத் தெரிந்திருக்கும். விண்ணப்பப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றியும் சாப்பிடும் மருந்துகள் பற்றியும் கேட்பார்கள். இடம் கிடைக்காதோ என்று பயந்து அந்தக் கட்டங்களைக் காலியாக விடுபவர்கள் இருக்கிறார்கள். முகாமில் பத்து நாளும் நம்மைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தக் காகிதம்தான் இருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.